நகச்சுத்தி வந்த விரலுக்கு மட்டும் வெந்நீர் ஏன் சுடுகிறது?

கேள்வி: 2025 மார்ச் 2, ஞாயிறு, காலை 10.20

வலது கைக் கட்டை விரலில் நகச்சுத்தி. இன்று மூன்றாவது நாள். காலையில் பாத்திரம் கழுவ வெதுவெதுப்பான தண்ணீரில் கையை விட்டேன். நான்கு விரலுக்கும் இதமாக இருக்கிறது, கட்டை விரல் மட்டும் கொதிக்கிற எண்ணெயில் வைத்த மாதிரி. தண்ணீர் ஒன்றுதானே? "எல்லாம் மனசுதான், அதையே நினைச்சுக்கிட்டு இருக்கே" என்கிறார் வீட்டுக்காரர். உண்மையா?

மார்ச் 2, மாலை 6.15

மனசு காரணமில்லை. வீட்டுக்காரரிடம் இதைக் காட்டுங்கள். தண்ணீர் ஒன்றுதான், ஆனால் அதை உணர்கிற நரம்பு முனை மாறிவிட்டது.

வலிக்கென்றே தனி நரம்புகள் உண்டு. தோலுக்குள் அவற்றின் முனையில் உறையோ குமிழோ கிடையாது. வேர் நுனி மாதிரி பிரிந்து கிடக்கும். செல்லின் உடல் விரலில் இல்லை, கழுத்தில், தண்டுவடத்தை ஒட்டிய ஒரு சிறு முடிச்சில் இருக்கிறது. அங்கிருந்து ஒரே இழை முக்கால் மீட்டர் ஓடி உங்கள் விரல் நுனிக்கு வருகிறது. 1906-ல் இவற்றுக்குப் பெயர் வைத்த சார்லஸ் ஷெரிங்டன் 'வலி உணர்பவை' என்று சொல்லவில்லை, 'கேடு உணர்பவை' என்ற பொருளில் வைத்தார். இந்த வேறுபாடு பின்னால் தேவைப்படும்.

அந்த முனையின் சவ்வில் புரதத்தால் ஆன வாசல்கள் இருக்கின்றன. வாசல் திறந்தால் சோடியமும் கால்சியமும் உள்ளே பாயும், நரம்பு துடிக்கும். அவற்றில் ஒன்று டிஆர்பிவி1. சான் பிரான்சிஸ்கோவில் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்கூடம் 1997-ல் கண்டுபிடித்தது. மிளகாயின் காரத்தை நரம்பு எதைக் கொண்டு பிடிக்கிறது என்று தேடிப் போனார்கள். கிடைத்த வாசல் வெப்பத்துக்கும் திறந்தது, ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸில். 2021-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆர்டம் பட்டபூட்டியனோடு பகிர்ந்துகொண்டார்.

உங்கள் பாத்திரத் தண்ணீர் 39, 40 டிகிரி இருக்கும். நான்கு விரலிலும் வாசல் மூடியே கிடக்கிறது. கட்டை விரலில் அழற்சி, அதாவது புண்பட்ட இடம் சிவந்து வீங்குவது, அந்த 43-ஐக் கீழே இறக்கிவிட்டது. தட்டில் வளர்த்த செல்களில் சோதித்தபோது உடம்பு வெப்பத்துக்கும் கீழே இறங்கியிருக்கிறது. அப்படி இறங்கிவிட்டால் வெந்நீரே வேண்டாம், விரலின் சொந்தச் சூடே போதும். சும்மா வைத்திருந்தாலும் வலிக்கிறதல்லவா?

மார்ச் 2, இரவு 9.50

இறக்கியது யார் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

நகக்கண்ணில் கிருமி நுழைந்ததும் அடிபட்ட செல்களும் வந்து சேர்ந்த வெள்ளை அணுக்களும் பலவற்றைக் கொட்டுகின்றன. புரோஸ்டாகிளாண்டின், பிராடிகைனின், ஹிஸ்டமின், நரம்பு வளர்ச்சிக் காரணி, அமிலம். இவற்றில் சில நரம்பை நேரடியாகத் துடிக்க வைக்கும். அமிலமும் பிராடிகைனினும் அப்படி. புரோஸ்டாகிளாண்டின் வேறு மாதிரி. தானாக வலியைப் பெரிதாக உண்டாக்காது. நரம்பு முனைக்குள் ஒரு நொதியை முடுக்கிவிடும், அந்த நொதி வாசல்களின் மேல் பாஸ்பேட் ஒட்டிவிடும். ஒட்டிய வாசல் லேசான தூண்டலுக்கே திறக்கும். சோடியம் வாசல்களும் இப்படியே மாறுவதால், முன்பு ஒரு துடிப்பு அனுப்பிய இடத்தில் இப்போது நாலைந்து அனுப்பும்.

விரல் விண்விண் என்று தெறிப்பதும் இதனால்தான். ரத்தக் குழாய் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் வீங்கிய இடத்தில் அழுத்தம் ஏறுகிறது. சாதாரண நாளில் நரம்பு அதைப் பொருட்படுத்தாது. இப்போது ஒவ்வொரு நாடித் துடிப்பையும் வலியாக எழுதி அனுப்புகிறது.

(மார்ச் 8 குறிப்பைப் பாருங்கள். மேலே உள்ள பத்தி அப்படியே சரியில்லை.)

மார்ச் 3, காலை 7.05

அவசரமாக ஒன்று. சீழ் கட்டியிருந்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள். சர்க்கரை நோய் இருந்தால், அல்லது காய்ச்சல் வந்தால், சிவப்புக் கோடு மணிக்கட்டை நோக்கி ஏறினால், இன்றே. எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் செருகுவதைப் பற்றி ஐந்து பேர் எழுதிவிட்டார்கள். அதற்கு அப்புறம் வருகிறேன்.

மார்ச் 4, இரவு 11.30

நேற்றே எழுத நினைத்தேன், முடியவில்லை.

நான் இப்போது செவிலியர் மாணவிகளுக்கு உடலியங்கியல் எடுக்கிறேன். 2009-ல் ஆராய்ச்சி மாணவி. எலியின் முதுகுத்தண்டு ஓரத்து முடிச்சுகளிலிருந்து நரம்புச் செல்களைப் பிரித்து, தட்டில் வளர்த்து, மயிரிழையைவிட மெல்லிய கண்ணாடிக் குழாய் நுனியால் ஒரு செல்லைப் பிடித்து அதன் மின்னோட்டத்தை அளப்போம். ஒரு குறிப்பிட்ட அளவு தூண்டினால் செல் ஒருமுறை துடிக்கும். தட்டில் புரோஸ்டாகிளாண்டின் ஒரு சொட்டு விட்டு சில நிமிடம் காத்திருந்து, அதே அளவு தூண்டினால் திரையில் ஐந்தாறு முள், ஒவ்வொரு முள்ளும் ஒரு துடிப்பு. அந்த செல்லுக்கு மூளை இல்லை, மனசு இல்லை, கவலை இல்லை. தட்டில் தனியாகக் கிடக்கிற ஒரு செல். முதல் தடவை பார்த்தபோது எழுந்து போய்ப் பக்கத்து மேசைத் தோழியைக் கூட்டிவந்து காட்டினேன்.

அதே வருடம் அம்மாவுக்கு முடக்குவாதம் முற்றியிருந்தது. விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது ராத்திரி போர்வையைக் காலில் படாமல் பிடித்துக்கொண்டே படுத்திருந்தார். "போர்வை பட்டாலா வலிக்கும்? சும்மா படும்மா" என்று சொல்லி நானே இழுத்துப் போர்த்திவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். தட்டில் பார்த்ததை நான் அம்மாவின் கணுக்காலில் பார்க்கவில்லை. ஐந்து மணி நேர ரயில் பயணத்தில் அந்த அறிவு எங்கே போனது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அதனால்தான் "மனசுதான் காரணம்" என்ற வரியைப் படித்ததும் உடனே உட்கார்ந்து எழுதினேன்.

மார்ச் 5, மாலை 4.40

புண்பட்ட இடத்து நரம்புக்கு 'அலாரம்' என்று ஒருவர் உவமை சொல்லியிருக்கிறார், நானும் வகுப்பில் அதையே சொல்லுவேன். ஆனால் ஈரோட்டு நண்பர் எழுதியது இன்னும் பொருத்தம்: "எங்கள் தாத்தா வீட்டில் ஒருமுறை திருட்டுப் போனது. அதற்கப்புறம் ஆறு மாதம் ஓட்டில் பூனை நடந்தாலும் தாத்தா எழுந்து உட்கார்ந்துவிடுவார்." நன்றி ஐயா. நாளை வகுப்பில் சொல்லப் போகிறேன்.

ஒரு திருத்தமும் இருக்கிறது. டிஆர்பிவி1 மட்டுமே சுடுகிற சூட்டின் வாசல் என்று படும்படி எழுதிவிட்டேன். அப்படி இல்லை. அந்த வாசல் இல்லாத எலிகளை 2000-ல் உருவாக்கிப் பார்த்தார்கள். அவையும் சூடான தட்டிலிருந்து காலை எடுத்தன, கொஞ்சம் தாமதமாக. லூவன் நகரத்து ஆய்வாளர்கள் 2018-ல் டிஆர்பிவி1, டிஆர்பிஎம்3, டிஆர்பிஏ1 மூன்றையும் சேர்த்து நீக்கிய பிறகுதான் சூட்டு வலி ஏறக்குறைய மறைந்தது. சுடுகிற சூட்டைக் கவனிக்க உடம்பு மூன்று காவல் போட்டிருக்கிறது.

ஆனால் 2000-ஆம் ஆண்டு எலிகளில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பாதத்தை வீங்க வைத்தால் சாதாரண எலிக்குச் சூடு தாங்காது. டிஆர்பிவி1 இல்லாத எலிக்கு வீக்கம் வந்தாலும் சூட்டு உணர்வு கூடவில்லை. நம் கேள்விக்கு அதுதான் நேரடியான பதில். சாதாரணச் சூட்டுக்குப் பல வாசல்கள், புண்பட்ட இடத்தின் சூட்டுக்கு முக்கியமாக இந்த ஒன்று.

மார்ச் 5, மாலை 5.10

அந்த வாசலை அடைத்துவிட்டால் வலி போய்விடாதா என்று கேட்கிறவர்களுக்கு: மருந்து நிறுவனங்கள் அடைத்துப் பார்த்தன. சோதனைக்கு வந்தவர்களில் சிலருக்கு உடம்புச் சூடு ஏறியது. சிலருக்குக் கொதிக்கிற காபியின் சூடும் குளிக்கிற தண்ணீரின் சூடும் சரியாகத் தெரியாமல் போனது. நிறுத்த வேண்டியதாயிற்று.

மார்ச் 7, மதியம் 1.20

நம் பேச்சு சமையல்கட்டுக்குப் போய்விட்டது, சந்தோஷம்தான்.

பச்சை மிளகாய் நறுக்கிய கை காந்துவது ஏன், வெந்நீரில் கழுவினால் ஏன் கூடுகிறது? இதுவும் உங்கள் கட்டை விரல் கதைதான். காரப் பொருள் டிஆர்பிவி1-இல் போய் உட்கார்ந்ததும் அது தாழ்ந்த சூட்டுக்கே திறக்கத் தயாராகிவிடும். வெந்நீர் அந்த நேரத்தில் வேண்டவே வேண்டாம். காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். தேங்காயெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். 'காந்துகிறது' என்ற சொல்லை நாம் மிளகாய்க்கும் சொல்கிறோம், சுட்டுக்கொண்ட கைக்கும் சொல்கிறோம். நரம்பும் இரண்டுக்கும் ஒரே வாசலைத்தான் வைத்திருக்கிறது.

இன்னொன்று. மிளகாய் நம் ஊர்ச் செடி இல்லை, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. வந்த புதிதில் அதற்கு மிளகு மாதிரிக் காரமான காய், மிளகாய் என்று பெயர் வைத்தார்கள். இரண்டும் உறவே இல்லாத செடிகள், காரப் பொருள்களும் வேறு வேறு. ஆனால் மிளகின் பைப்பரினும் திறப்பது இதே டிஆர்பிவி1-ஐத்தான். பெயர் வைத்தவர்களின் நாக்கு சரியாகவே சொல்லியிருக்கிறது. எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை. (கடுகின் நெடி வேறு வாசல், டிஆர்பிஏ1. மூக்கில் ஏறுகிற அந்தச் சுருக்கென்ற குத்தல்.)

கிளி எப்படி மிளகாய்ப்பழத்தைக் கொத்தித் தின்கிறது என்று கேட்ட தம்பிக்கு: பறவைகளிடமும் டிஆர்பிவி1 உண்டு, சூட்டுக்குத் திறக்கும். மிளகாய்க் காரம் மட்டும் அதில் வேலை செய்யாது. 2002-ல் கோழியின் வாசலை எடுத்துச் சோதித்துக் காட்டினார்கள். பறவை தின்றால் விதை முழுசாக வெளியே வந்து முளைக்கும். எலி மென்று அரைத்துவிடும். செடிக்கு எலி வேண்டாம், கிளி வேண்டும்.

மார்ச் 7, மாலை 6.00

யாழ்ப்பாணத்து அக்கா எழுதியதைப் பிரதி எடுக்கிறேன்: "நாங்கள் நோகுது எண்டுதான் சொல்லுவம். வலிக்குது எண்டு சொல்லுறது குறைவு." நோ, நோவு, நோய் எல்லாம் ஒரே வேர். ஷெரிங்டன் 'கேடு' என்ற சொல்லைப் பிடித்துப் பெயர் வைத்த மாதிரியே, வலியையும் நோயையும் ஒரே வேரில் வைத்திருக்கிறது இந்தப் பேச்சு.

மார்ச் 8, இரவு 10.15

திருத்தம். சேலத்து நண்பர் ஒருவர் பல்வலியோடு உட்கார்ந்து, ஒரு கையால் நாடியைப் பிடித்துக்கொண்டு, பல் தெறிப்பதை எண்ணியிருக்கிறார். இரண்டும் ஒத்துவரவில்லை என்கிறார். தெறிப்பு மெதுவாகவும் நாடி வேகமாகவும் இருந்ததாம்.

அவர் சொல்வது சரி, நான் எழுதியது பாடப்புத்தகப் பழக்கம். ஃபுளோரிடாவில் பல்வலிக்காரர்களை வைத்து 2012-ல் இதையே செய்திருக்கிறார்கள். தெறிக்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்லி, நாடியையும் தனியாகப் பதிவு செய்தார்கள். தெறிப்பு நிமிடத்துக்குச் சராசரி 44, நாடி 73. இரண்டுக்கும் தாளப் பொருத்தமே இல்லை. ஆக விண்விண் என்கிற தாளம் ரத்தக் குழாயிலிருந்து வருவதாகச் சொல்ல முடியாது. நரம்பு மண்டலத்தில் மேலே எங்கோ உருவாகிறது என்பது அந்த ஆய்வாளர்களின் எண்ணம். பல்லுக்குப் பொருந்துவது விரலுக்கும் அப்படியே பொருந்துமா என்று கேட்டால், நகச்சுத்திக்காரர்கள் எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்.

பத்து வருடமாக வகுப்பில் நாடி என்றே சொல்லிவந்தேன். திங்கட்கிழமை மாணவிகளிடமும் திருத்திச் சொல்ல வேண்டும்.

மார்ச் 9, மாலை 5.30

"மாத்திரை போட்டேன், விரல் வலி குறைந்தது. ஆனால் கத்தி பட்டால் வழக்கம்போல வலிக்கிறதே, அப்படியானால் மாத்திரை எந்த வலியைக் குறைத்தது?" என்று வந்திருக்கிறது. இதுவரை வந்ததில் மிக நல்ல கேள்வி இதுதான்.

ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் இரண்டும் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கின்றன. 1971-ல் லண்டனில் ஜான் வேன் இதைக் காட்டினார், 1982-ல் நோபல் பரிசு பெற்றார். ஆஸ்பிரின் அதற்கு முன்னால் எழுபது வருடத்துக்கு மேலாகக் கடையில் விற்றுக்கொண்டிருந்தது, எப்படி வேலை செய்கிறதென்று யாருக்கும் தெரியாமலே. இந்த மாத்திரை நரம்பை மரக்கச் செய்வதில்லை. வாசல் திறக்கிற எல்லையைப் புரோஸ்டாகிளாண்டின் இறக்கிவிட்டதல்லவா, அதை மறுபடி மேலே ஏற்றுகிறது, அவ்வளவுதான். வீங்காத விரலில் எல்லை இறங்கவே இல்லை, அதனால் அங்கே ஏற்றுவதற்கும் ஒன்றுமில்லை. கத்தி பட்டால் வலிக்கத்தான் செய்யும். வலிக்க வேண்டும்.

வேனோடு வேலை செய்த பிரேசில்காரர் செர்ஜியோ ஃபெரெய்ராவின் பெயரை இங்கே சொல்லியாக வேண்டும். புரோஸ்டாகிளாண்டின் தானே வலிப்பதைவிட, மற்றவற்றை வலிக்க வைக்கிறது என்று 1970-களின் தொடக்கத்திலேயே எடுத்துச் சொன்னவர். பிராடிகைனினும் பிரேசிலில் கிடைத்ததுதான். ஒரு விரியன் வகைப் பாம்பின் விஷத்தை ரத்தத்தோடு கலந்து பார்த்தபோது 1949-ல் ரோச்சா இ சில்வாவும் கூட்டாளிகளும் கண்டார்கள்.

மாத்திரை வலியைக் குறைத்ததென்று சீழை அப்படியே விட்டுவிடாதீர்கள். வயிற்றுப் புண், சிறுநீரகத் தொல்லை இருப்பவர்கள் கேட்காமல் போடவும் கூடாது.

மார்ச் 9, இரவு 8.45

கேள்வி கேட்ட அம்மா நேற்றுப் போய்ச் சீழை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாராம். "மரத்துப்போகிற ஊசியை வலிக்கிற இடத்தில் போடாமல் விரலின் அடியில் இரண்டு பக்கமும் போட்டார், ஏன்?" என்கிறார்.

பழுத்த இடம் அமிலமாக இருக்கும். மரப்பு மருந்து நரம்பின் சவ்வைத் தாண்டி உள்ளே போக வேண்டும், மின்னூட்டம் இல்லாத வடிவத்தில் இருந்தால்தான் தாண்டும். அமிலத்தில் பெரும்பகுதி மின்னூட்டம் ஏறி வெளியிலேயே நின்றுவிடும். அதனால் சீழ் கட்டிய இடத்தில் போட்டால் சரியாகப் பிடிக்காது. அழற்சி இல்லாத அடிவிரலில் போட்டால் பிடிக்கும்.

அமிலம் என்றதும் எலுமிச்சை நினைவு வருகிறது. பிளவுபட்ட தோலில் எலுமிச்சைச் சாறு பட்டால் அமிலத்துக்குத் திறக்கிற வாசல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திறக்கும். செருகியதும் உயிர் போகிற மாதிரி இருந்தது என்று மூன்று பேர் எழுதியது அதனால்தான். பிறகு வந்த சுகத்துக்குப் பழத்தின் குளிர்ச்சியும், விரலை யாரும் எதுவும் இடிக்காமல் காத்ததும் காரணமாக இருக்கலாம். எங்கள் பாட்டியும் எனக்குச் செருகிவிட்டிருக்கிறார், அந்த ராத்திரி நன்றாகத் தூங்கினேன். ஆனாலும் கிழிந்த தோலில் செருகாதீர்கள்.

மார்ச் 11, இரவு 9.20

வீங்குவதற்கு முன்பே வலி வந்ததாக இருவர் சொல்லியிருக்கிறார்கள். முதல் நாள் நகக்கண்ணில் சிவப்புக்கூட இல்லை, ஆனால் தொட்டால் வலி. என் மார்ச் 2 குறிப்பின்படி இது நடக்கக் கூடாது. முதலில் வெள்ளை அணுக்கள் வர வேண்டும், பிறகுதானே அவை கொட்டுவது?

நகச்சுத்திக்குப் பெரும்பாலும் காரணமான கிருமி ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ். பாஸ்டனில் ஐசக் சியூ, கிளிஃபோர்ட் வூல்ஃப் குழு 2013-ல் இதே கிருமியை எலியின் பாதத்தில் செலுத்திப் பார்த்தது. வலி ஏறியது கிருமியின் எண்ணிக்கையோடு சேர்ந்து. வீக்கத்தோடும் இல்லை, வெள்ளை அணுக்களின் வரவோடும் இல்லை. கிருமி சவ்வில் ஓட்டை போடுகிற ஒரு நஞ்சை விடுகிறது, அது நரம்பு முனையையே தாக்குகிறது. நரம்பு யாருடைய செய்திக்கும் காத்திருக்காமல் கிருமியைத் தானே உணர்ந்துவிடுகிறது. ஷெரிங்டன் வைத்த பெயர் இங்கே முழுசாகப் பொருந்துகிறது.

நரம்பு செய்தி அனுப்புவதோடு நிற்பதுமில்லை. துடித்த முனை அங்கேயே சில புரதங்களை விடும், சுற்றியுள்ள ரத்தக் குழாய்கள் விரியும். கையில் நகத்தால் அழுத்தி ஒரு கோடு கீறுங்கள், கோட்டைச் சுற்றி ஒரு செந்நிறம் படரும். தாமஸ் லூயிஸ் 1920-களில் விளக்கியது அது. சிவப்பைப் படரவிடுவது நரம்புதான். தாத்தா எழுந்து உட்காருவதோடு தெருவையும் எழுப்பிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

மார்ச் 13, இரவு 10.50

மூட்டுவலிக்காரர்கள் நிறையப் பேர் வந்துவிட்டீர்கள். உங்களுக்காக இது.

ஜெர்மனியில் ஷைப்ளேயும் ஷ்மிட்டும் 1980-களில் பூனையின் முழங்கால் நரம்புகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார்கள். சில இழைகள் எதற்குமே பதில் தரவில்லை. மூட்டை மடக்கினாலும் சரி, முறுக்கினாலும் சரி, அசைவே இல்லை. பிறகு மூட்டை அழற்சிக்கு உள்ளாக்கினார்கள். சில மணி நேரத்தில் அந்த ஊமை இழைகள் சாதாரண அசைவுக்கே துடிக்க ஆரம்பித்தன. ஆக அழற்சியில் இருக்கிற நரம்புகள் கூர்மையாவது ஒரு பாதி. அதுவரை பேசாதிருந்தவையும் பேச ஆரம்பிப்பது மறுபாதி. அம்மாவின் கணுக்காலை இப்போது நான் இப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

இன்னொரு காரணம் நாள் கணக்கில் நீளும். நரம்பு வளர்ச்சிக் காரணி. ரீட்டா லெவி-மொண்டால்சினி தேடிக் கண்டது. முசோலினியின் இனச் சட்டத்தால் வேலை இழந்து, டூரின் நகரத்தில் தன் படுக்கையறையிலேயே ஆய்வுக்கூடம் வைத்துக் கோழிக் கருக்களை ஆராய்ந்தவர். 1986-ல் நோபல். வளரும் கருவில் நரம்புகளை வாழவைக்கிற அதே பொருளைப் புண்பட்ட திசுவும் சுரக்கிறது. நரம்பு முனை அதை விழுங்கி இழை வழியாகக் கழுத்து முடிச்சு வரை அனுப்பும். அங்கே கூடுதல் டிஆர்பிவி1 தயாராகித் திரும்ப முனைக்கு வரும். வேகமான போக்குவரத்தே நாளுக்கு 20 முதல் 40 சென்டிமீட்டர்தான். போய்வர நாட்கள் ஆகும். மூன்றாம் நாள் வலி முதல் நாள் வலியைவிட மோசமாக இருப்பதில் இதற்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

இந்தக் காரணியைப் பிடித்து மடக்கும் டானெசுமாப் என்ற ஊசியை மூட்டுத் தேய்மானத்துக்குச் சோதித்தார்கள். வலி குறைந்தது. ஆனால் சிலருக்கு மூட்டு வேகமாக அழிந்தது. 2021-ல் அமெரிக்க ஆலோசனைக் குழு வேண்டாம் என்றது.

மார்ச் 14, காலை 6.30

பக்கத்து விரலும் தொட்டால் வலிக்கிறது என்றவருக்குச் சுருக்கமாக: சூட்டுக்கு வலிப்பது புண்பட்ட இடத்தில் மட்டும். தொட்டால் வலிப்பது சுற்றிலும் பரவும், ஏனென்றால் அது தண்டுவடத்தில் நடக்கிற மாற்றம். வூல்ஃப் 1983-ல் காட்டியது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

மார்ச் 16, ஞாயிறு, மாலை 4.00

"இந்தக் கூர்மையே இல்லாமல் இருந்தால் நிம்மதி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மூன்று வாரமாக வலியில் இருப்பவர். அவர் எழுதியதில் தவறில்லை. ஆனாலும் வேலூரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட் 1946-ல் அறுவை மருத்துவராக வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி விழுகின்றன என்று அப்போது எல்லோரும் நம்பினார்கள். அவர் பார்த்தது வேறு. அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குகிறார்கள், துருப்பிடித்த பூட்டை விரல் கிழியத் திருகுகிறார்கள், ராத்திரி எலி கடிப்பதுகூடத் தெரியாமல் தூங்குகிறார்கள். நோய் நரம்பைக் கொன்றிருந்தது. விரலைத் தின்றது வலியில்லாமை.

அவர் கவனித்த இன்னொன்று நம் பேச்சுக்கு நேராக வருகிறது. நல்ல கால் உள்ளவர் வெகுதூரம் நடந்தால் பாதத்தில் ஓரிடம் சிவந்து சூடாகும். அந்த இடம் கூர்மையாகிவிடும். அவரே அறியாமல் பாதத்தைச் சற்றுத் திருப்பி வைப்பார், பாரம் வேறிடத்துக்கு மாறும். உணர்விழந்த கால் கடைசிவரை ஒரே மாதிரி அடியெடுத்து வைக்கும். சிவந்த இடம் கொப்புளமாகி, புண்ணாகிப் போகும். சர்க்கரை நோயில் கால் மரத்தவர்களுக்கும் இதுதான் நடக்கிறது. நாம் ஒவ்வொரு நடையிலும் செய்கிற அந்தச் சிறு திருப்பம், நரம்பு தன் எல்லையை இறக்கிக்கொள்வதால் கிடைப்பது.

பின்னாளில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் அவர் செயற்கை வலி செய்ய முயன்றார். கையுறைக்குள் அழுத்தத்தை அளக்கும் கருவி வைத்து, அதிகமானால் ஒலி எழுப்பும். மக்கள் ஒலியைக் கேட்டும் வேலையை நிறுத்தவில்லை. மின் அதிர்ச்சி தரவைத்தார். அணைத்துவிட்டு வேலையை முடித்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது.

முடக்குவாதத்தில் கதை வேறு. அங்கே அழற்சி ஓய்வதில்லை, எல்லை மேலே ஏறுவதும் இல்லை. பாதத்தைக் காக்கிற அதே ஏற்பாடு அம்மாவுக்கு முப்பது வருடத் தண்டனையாக இருந்தது. வேலூரை உதாரணம் காட்டி "வலி நல்லது" என்று அவரிடம் நான் சொல்லியிருந்தால் அது கொடுமை.

மார்ச் 17, இரவு 9.00

புதிய மாத்திரை பற்றி: சுசெட்ரிஜின், 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வலி நரம்புகளில் இருக்கிற ஒரு சோடியம் வாசலை அடைக்கிறது. புரோஸ்டாகிளாண்டின் முடுக்கிவிடுகிற வாசல்களில் அதுவும் ஒன்று. கடுமையான திடீர் வலிக்கு மட்டும் அனுமதி. மூட்டுவலிக்காரர்கள் இப்போதைக்கு இதற்காகக் காத்திருந்து இருக்கிற சிகிச்சையை நிறுத்த வேண்டாம்.

மார்ச் 19, இரவு 8.10

கேள்வி கேட்ட அம்மாவிடமிருந்து: "டீச்சர், பேத்தி குளிக்கிற தண்ணீருக்கு வைத்திருக்கிற வெப்பமானியை எடுத்துப் பார்த்தேன். 40 டிகிரியில் ஐந்து விரலும் ஒன்றுபோல இருக்கிறது. வீட்டுக்காரரும் விரலை விட்டுப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அழுத்தினால் மட்டும் இன்னும் நோகிறது, ஏன்?"

உங்கள் விரலில் சூட்டுக்கான எல்லை முதலில் திரும்பிவிட்டது. அழுத்தத்தை உணர்வது பீசோ2 என்கிற வேறொரு வாசலும் தண்டுவடமும் சேர்ந்து செய்கிற வேலை, அது இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை. நகத்தடியில் ஆறாத இடமும் கொஞ்சம் இருக்கும். இன்னும் ஒரு வாரம் பாருங்கள், கூடினால் திரும்பக் காட்டுங்கள். அதுவரை பாத்திரத்தை வீட்டுக்காரர் தேய்க்கட்டும்.

எண்ணிப் பார்க்கச் சொன்னேனே, தெறிப்பும் நாடியும். எண்ணினீர்களா?